ஸ் + பேச்சு = ஸ்பீச்சா? போதும் சாமி!

போன மாசம் நாகரசம்பட்டியில ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்து எலையில உக்காந்திருந்த மாமா, ரசம் ஊத்தறதுக்குள்ள போனை எடுத்து என் மூஞ்சிக்கு முன்னாடி நீட்டினார்.

"மாப்ள, இதைப் படிச்சீங்களா? இங்கிலீஷ்காரன் மொத்தத்தையும் நம்மகிட்ட இருந்துதான் சுட்டிருக்கான். முன்னாடி ஒரு எஸ் போட்டு மறைச்சுட்டான்!"

உங்களுக்கும் வந்திருக்கும். 2000-த்துல மின்னஞ்சல்ல வந்தது, அப்புறம் ஆர்க்குட், ஃபேஸ்புக், இப்ப வாட்ஸ்அப். அதே பட்டியல்தான், சட்டை மட்டும் மாறுது. ஸ்பீச்ல எஸ்ஸை எடுத்தா பேச்சு. ஸ்பாஞ்சுல எடுத்தா பஞ்சு. ஸ்ப்ரெட்ல எடுத்தா பரவு. ஸ்பீடுல எடுத்தா பீடு. ஸ்னேக்ல எடுத்தா நாகம். கூடவே ஒன் – ஒன்று, எய்ட் – எட்டு, கில் – கொல், கேஷ் – காசு. கடைசியில "தமிழன் என்று சொல்லடா, பத்து பேருக்கு அனுப்படா".

மாமாகிட்ட "நல்லாருக்குங்க மாமா"ன்னு மட்டும் சொல்லிட்டு பாயசத்துல மூழ்கிட்டேன். பந்தியில சண்டை போடற ஆள் இல்ல நான். அங்க சொல்லாததை இங்க கொட்டறேன். படிச்சுட்டு ஆட்டோ அனுப்பறவங்க ஓசூர் வழியா அனுப்புங்க, பை-பாஸ்ல வந்தா சீக்கிரம் வந்துடும் :-)

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்தப் பட்டியலை நானே பரப்பினவன்தான். ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு நோட்டுல அழகா எழுதி வெச்சிருந்தேன். டீ டைம்ல எல்லார்கிட்டயும் வாசிச்சுக் காட்டுவேன். எங்க ஷிஃப்ட்ல தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் பேசற ஆளுங்க இருந்தாங்க. எல்லையோரம், அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் "எய்ட் – எட்டு"ன்னு சொன்னப்ப ஆனேக்கல் பக்கத்துல இருந்து வர்ற கன்னட நண்பர் ஒருத்தர் டீயை ஊதிக்கிட்டே கேட்டார்: "சரிப்பா. நாங்க எண்டுன்னு சொல்றோமே, அந்த 'ண்' எங்க போச்சு?"

நான் ஏதோ சமாளிச்சேன். "அது கொச்சை"ன்னு கூட சொன்னேன்னு நினைக்கிறேன். இப்ப நினைச்சாலும் கூசுது. ஏன்னா அவர் கேட்டதுதான் அந்தப் பட்டியல்லயே யாரும் கேக்காத சரியான கேள்வி.

யோசிச்சுப் பாருங்க. நம்ம எட்டு தனியா நிக்கும்போதுதான் எட்டு. கூட்டு சேர்ந்தா? எண்பது. எண்ணூறு. எண்கோணம். எண்மர். உள்ள ஒரு 'எண்' உக்காந்திருக்கு. கன்னடத்துல எண்டு, தெலுங்குல எனிமிதி. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னா மூணையும் காதால கேக்கலாம். அக்கா தங்கச்சிங்க எல்லார் மூக்கிலயும் அந்த மூக்கொலி இருக்கு. அப்ப மூலச்சொல்லுல அது இருந்திருக்கணும். நம்ம எட்டுல பின்னாடிதான் அது மறைஞ்சிருக்கு.

இப்ப அந்தப் பக்கம் போங்க. இங்கிலீஷ் எய்ட்டுல எழுதி வெச்சுட்டு உச்சரிக்காத 'ஜி ஹெச்' ரெண்டு எழுத்து இருக்கே, அது சும்மா அழகுக்கு இல்ல. ஆயிரம் வருஷம் முன்னாடி அதைத் தொண்டையில இருந்து சொல்லியிருக்காங்க. ஜெர்மன்ல இன்னிக்கும் ஆஃக்ட். லத்தீன்ல ஆக்டோ. சமஸ்கிருதத்துல அஷ்ட. ஆக்டோபஸுக்கு எட்டுக் கை, அஷ்டமி எட்டாம் நாள், பழைய ரோமானிய ஆண்டுல அக்டோபர் எட்டாம் மாசம். அவங்க குடும்பத்துல யார் மூக்கிலயும் 'ண்' கிடையாது. எல்லார் தொண்டையிலயும் க, ஹ, ஷ மாதிரி ஒண்ணு இருக்கு.

ஆக, பின்னோக்கிப் போகப் போக எட்டு 'எண்' பக்கம் போகுது, எய்ட் 'ஆக்டோ' பக்கம் போகுது. உண்மையான சொந்தமா இருந்தா பழசுக்குப் போகப் போக கிட்ட வரணும். இதுங்க விலகி ஓடுதுங்க. ஒரே நேரத்துல ஒரே பஸ் ஸ்டாப்புல நின்ன ரெண்டு அந்நியர்கள். சட்டை கலர் ஒண்ணா இருந்தது, அவ்வளவுதான்.

'ஒன்'னும் அதே கதை. பழைய இங்கிலீஷ்ல அது 'ஆன்'. ஜெர்மன்ல ஐன். முன்னாடி வர்ற 'வ' சத்தம் நடுவுல வந்து ஒட்டிக்கிட்டது. ஒன்லி, அலோன் ரெண்டுக்குள்ளயும் இருக்கறது அதே ஒன்தான். அங்க 'வ' இல்ல பாருங்க, பழசு அங்க தங்கிடுச்சு.

சரி, கதாநாயகனுக்கு வருவோம். ஸ்பீச். இது விழுந்தா பட்டியல்ல பாதி விழும்.

பழைய இங்கிலீஷ்ல இந்தச் சொல்லுல ஒரு 'ர்' இருந்தது. ஸ்ப்ரேச் மாதிரி. ஜெர்மன்ல இன்னிக்கும் ஷ்ப்ராஹெ, பேசறதுக்கு ஷ்ப்ரெஹ்கென். இங்கிலீஷ்காரன் அந்த 'ர்'ரைத் தொலைச்சுட்டான். தொலைச்சதுக்கு அப்புறம்தான் அது நம்ம பேச்சு மாதிரி ஆச்சு. கடைசியில வர்ற 'ச்' இருக்கே, அதுவும் ஆதியில 'க்'. ஸ்பீக் – ஸ்பீச், வேக் – வாட்ச், ஸ்டிங்க் – ஸ்டென்ச்னு இங்கிலீஷ்ல ஜோடி ஜோடியா இருக்கு. நம்ம பேச்சுல வர்ற 'ச்ச்' முழுக்க நம்ம இலக்கணம். பேசு – பேச்சு, ஏசு – ஏச்சு, வீசு – வீச்சு. ரெண்டு மொழியும் தனித்தனியா, அவங்கவங்க வீட்டு விதிப்படி நடந்து வந்து ஒரு முக்குல மோதிக்கிச்சு. அதைப் பார்த்து நாம "பாரு, அப்பா மகன்"னு சொல்றோம்.

ஸ்பீடு – பீடு கொஞ்சம் ஆட்டிப் பார்த்தது என்னை. ஏன்னா பழைய இங்கிலீஷ்ல ஸ்பீடுக்கு அர்த்தம் வேகம் இல்ல, வெற்றி, செழிப்பு. நம்ம பீடுன்னா பெருமை. அட, அர்த்தம் கூட கிட்ட வருதேன்னு ஒரு நிமிஷம் சபலம். ஆனா அந்தச் சொல்லோட சொந்தக்காரங்களைத் தேடினா லத்தீன்ல ஸ்பேஸ், அதாவது நம்பிக்கை. சமஸ்கிருதத்துல ஸ்பாயதே, பெருக்கிறது. எல்லார்கிட்டயும் அந்த எஸ் பத்திரமா இருக்கு. யாரும் முன்னாடி ஒட்ட வெச்சது இல்ல, பிறக்கும்போதே இருந்த மச்சம்.

ஸ்பாஞ்சுக்கு வாங்க. கிரேக்கக் கடல்ல முக்குளிச்சு எடுத்த ஒரு கடலுயிரி அது. கிரேக்கத்துல ஸ்போங்கோஸ், லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்தது. பருத்திக் காட்டுல இருந்து இல்ல.

ஸ்னேக் – நாகம் மேல மட்டும் எனக்கு ஊர்ப்பாசம் உண்டு, ஊர் பேர்லயே நாகம் இருக்கே :-) இது ரெண்டும் சொந்தமா இருக்கலாம்னு சில அறிஞர்கள் நினைக்கிறாங்க. ஆனா அது சமஸ்கிருத நாகத்துக்கும் ஸ்னேக்குக்கும் உள்ள உறவு. நம்மகிட்ட நாகம் வந்தது சமஸ்கிருதத்துல இருந்து. நமக்குன்னு தனியா பாம்பு இருக்கு, அரவு இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் மச்சானுக்குக் கல்யாணம்னா நாம ஏன் மாலை போட்டுக்கணும்?

"எஸ் வரும் போகும்னு மொழியியல்காரங்களே சொல்றாங்களே"ன்னு ஒரு நண்பர் கேட்டார். உண்மை. ஐரோப்பிய-இந்தியக் குடும்பத்துல அப்படி ஒரு வழுக்கும் எஸ் உண்டு. சமஸ்கிருதத்துல பஷ்யதின்னா பார்க்கிறான். ஸ்பஷன்னா ஒற்றன். இங்கிலீஷ் ஸ்பை அதே வேர்தான். ஆனா கவனிங்க, இது ஒரே குடும்பத்துக்குள்ள நடக்கறது. எண்கள், வினைகள், விகுதிகள்னு நூத்துக்கணக்கான ஒலிகள் ஒழுங்கா வரிசையா பொருந்தி, சொந்தம்னு உறுதியான பிறகு, மிச்சம் இருக்கற ஒரு எஸ்ஸுக்குச் சொல்ற விளக்கம். சொந்தத்தை நிரூபிக்கவே அந்த எஸ்ஸைப் பயன்படுத்தினா எதையும் நிரூபிக்கலாம். நம்பலையா? இந்தாங்க நம்ம பங்குக்கு:

ஸ்கூல் = ஸ் + கூழ். (மதிய உணவுத் திட்டத்துக்கு ஆதாரம் கிடைச்சுடுச்சு!)
ஸ்மைல் = ஸ் + மயில். (மயில் மாதிரி சிரிச்சா)
ஸ்டோர் = ஸ் + தேர். (சரக்கு தேர்ல வந்துச்சு)
ஸ்லேட் = ஸ் + லட்டு. (பால்வாடியில குடுத்தது)

அஞ்சு நிமிஷத்துல நாலு. ராத்திரி முழுக்க உக்காந்தா நானும் ஒரு புத்தகம் போட்டுடுவேன்.

ஒரு மொழியில ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிச் சொற்கள். இன்னொரு மொழியிலயும் அப்படியே. வாயில இருந்து வர்ற ஒலிகளோ கொஞ்சம். ரெண்டையும் பக்கத்துல வெச்சா சிலது தானா ஒட்டும். பாரசீகத்துல 'பத்'துன்னா கெட்ட; நம்ம கிருஷ்ணகிரி பஜார்ல உருது பேசறவங்க திட்டற பத்மாஷ்ல இருக்கறது அதுதான். இங்கிலீஷ் 'பேட்'டுக்கும் அதே அர்த்தம், ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆஸ்திரேலியாவுல பாபரம்னு ஒரு பழங்குடி மொழி. அதுல நாய்க்கு என்ன பேர் தெரியுமா? டாக்! ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன்ங்கிற மொழியியலாளர் பதிவு பண்ணியிருக்கார். அந்தப் பக்கத்து மொழிகள்ல நாய் குடகா. அது தேய்ஞ்சு தேய்ஞ்சு டாக் ஆகியிருக்கு. அவங்க யாரும் "இங்கிலீஷ் எங்க மொழியில இருந்து பொறந்தது"ன்னு ஃபார்வர்டு அனுப்பல.

இப்ப கேஷ். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ். பட்டியல்காரங்க பாதி சரி, பாதி தப்பு, அவங்களுக்கே தெரியாம!

இங்கிலீஷ்ல கேஷ்ங்கிற எழுத்துல ரெண்டு சொல் இருக்கு. ஒண்ணு, இன்னிக்கு நாம சொல்ற ரொக்கம். அது பிரெஞ்சு, இத்தாலி வழியா வந்தது. மூலம் லத்தீன்ல பெட்டிங்கிற சொல். பணம் வெக்கற பெட்டி போய், பெட்டியில இருந்த பணம் ஆச்சு. கேஷியர் இந்தக் கேஷ்தான். இன்னொண்ணு, கம்பெனிக்காரன் காலத்துல சென்னையில புழங்கின சின்னச் செப்புக்காசு. 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. இந்தக் கேஷ் நிஜமாவே நம்ம காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியா போனது. ஃபனம் நம்ம பணம். ஆக, கடையில குடுக்கற கேஷ் நம்மளது இல்ல, மியூசியத்துல இருக்கற கேஷ் நம்மளது. எழுத்து ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணு ஆயிடாதுன்னு இதைவிடத் தெளிவா எப்படிச் சொல்றது?

இந்த மாதிரி நிஜமா போன சொற்கள் நம்மகிட்ட இருக்கு. கட்டுமரம் கேட்டமரன் ஆச்சு, 1697-ல வந்த வில்லியம் டாம்பியரோட பயணப் புத்தகத்துல அதைப் பத்தி எழுதியிருக்கார். சுருட்டு செரூட் ஆச்சு. மிளகுத்தண்ணீர் முல்லிகட்டானி ஆச்சு. ஹைதர் அலிகிட்ட சிக்கின ஒரு வெள்ளைக்காரக் கைதி பெங்களூர் ஜெயில்ல இருந்தபடி பாடின பாட்டுல, எங்களுக்குச் சாப்பாடு மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான்னு புலம்பறான். 1784-ம் வருஷச் சான்று. யூலும் பர்னலும் சேர்ந்து போட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில, 1886-லயே எடுத்துக் குடுத்திருக்காங்க. எங்க ஊர்ப் பக்கம் தோப்பு தோப்பா காய்க்கற மாங்காய் கூட போர்ச்சுகீசியன் வாயில மாங்கா ஆகி அப்புறம் மேங்கோ ஆனதுதான். தமிழா மலையாளமான்னு ரெண்டு வீட்டுக்கும் பங்கு உண்டு, மேற்குக் கரை வழியா ஏறின கப்பல் அது.

இதுல ஒவ்வொண்ணுக்கும் யார் கொண்டு போனான், எந்த வழி, எந்த வருஷம், பொருள் என்னன்னு தடயம் இருக்கு. திருடுன்னு கம்ப்ளெயிண்ட் குடுத்தா ஸ்டேஷன்ல ஆதாரம் கேப்பாங்கல்ல? இதுக்கு இருக்கு. ஸ் + பேச்சுக்கு இல்ல.

"பாவாணரே சொல்லியிருக்காரே, நீ பெரிய ஆளா?"ன்னு கேப்பீங்க. இல்லீங்க. பாவாணர் மேல எனக்கு மரியாதை உண்டு. 1974-ல செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநரா வந்து, 1981-ல சாகற வரைக்கும் அதுக்காகவே உழைச்ச மனுஷன். தமிழ்ச் சொற்களுக்குள்ள வேர் தேடறதுல அவர் தோண்டின ஆழம் சாதாரணம் இல்ல. ஆனா மரியாதை வேற, அவர் சொன்ன ஒவ்வொரு ஒப்பீட்டையும் கண்ணை மூடி ஏத்துக்கறது வேற. அப்புறம், இந்த ஃபார்வர்டு அனுப்பறவங்கள்ல எத்தனை பேர் அவர் புத்தகம் ஒண்ணையாவது பிரிச்சிருக்கோம்? கையைத் தூக்குங்க பார்க்கலாம்.

தமிழுக்குத் தனிக் குடும்பம் உண்டுன்னு உலகத்துக்குச் சொன்ன வேலை எப்படி நடந்ததுன்னு பாருங்க. 1816-ல சென்னைக் கலெக்டர் எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணோட வேர்களையும் வரிசையா அடுக்கி, இது சமஸ்கிருதத்துல இருந்து பிறந்தது இல்லன்னு காட்டினார். 1856-ல கால்டுவெல் ஒப்பிலக்கணம் வந்தது. வேற்றுமை உருபு, வினைமுற்று, எண்கள், இடப்பெயர்கள்னு எலும்பு எலும்பா ஒப்பிட்டார். அவங்க பட்டியல்ல "கேக்க ஒரே மாதிரி இருக்கு"ங்கிறது ஆதாரமே இல்ல. அந்த முறையாலதான் நமக்குப் பெருமை கிடைச்சது. இன்னிக்கு அந்த முறையையே நாம தூக்கி எறிஞ்சா, நாளைக்கு எவனாவது அதே எஸ் விளையாட்டை வெச்சு "தமிழ் முழுக்க எங்க மொழியில இருந்து வந்தது"ன்னு சொன்னா எதை வெச்சு மறுப்போம்?

"போகட்டும் விடுப்பா, நாலு பேர் சந்தோஷப்படறாங்க, உனக்கென்ன?" இதுதான் கடைசிக் கேள்வி. எனக்கென்னன்னா, சொல்றேன்.

எங்க அண்ணன் பொண்ணு ஒம்பதாவது படிக்கும்போது பேச்சுப்போட்டி. தலைப்பு, உலகுக்குத் தமிழின் கொடை. "சித்தப்பா, பாயிண்ட் குடுங்க"ன்னு வந்தா. நான் அலமாரியில இருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்துக் குடுத்தேன். கன்னட நண்பர் கேட்ட கேள்வி நினைப்புல இருந்தும் குடுத்தேன். சோம்பேறித்தனம், கூடவே கொஞ்சம் வீம்பு. பொண்ணு ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணினா. மேடையில ஸ்பீச்ல ஆரம்பிச்சு அடுக்கினா. நடுவர்கள்ல ஒருத்தர் சிரிச்சுட்டார். அவ அடுத்து கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர்னு உண்மையான சொற்களுக்கு வந்தப்பவும் அந்தச் சிரிப்பு நிக்கல. அதையும் கதைன்னே நினைச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து ஒண்ணும் பேசல. சாப்பிடும்போது மட்டும் கேட்டா: "சித்தப்பா, அப்ப கட்டுமரமும் பொய்யா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. பொய் தான் மட்டும் சாகறது இல்லீங்க, பக்கத்துல நிக்கற உண்மையையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகுது.

இன்னொரு நஷ்டம் எங்க எல்லையோரத்துக்கு. 2025 மே மாசம் சென்னையில 'தக் லைஃப்' பட விழாவுல, கன்னடம் தமிழில இருந்து பிறந்ததுன்னு கமல்ஹாசன் பேசினார். அந்தப் பக்கம் கொதிச்சாங்க, கோர்ட்டு வரைக்கும் போச்சு, படம் கர்நாடகாவுல வரல. படத்தைத் தடுத்தது தப்புங்கிறது என் கட்சி, ஒரு பேச்சுக்குப் பதில் இன்னொரு பேச்சுதான். ஆனா சொன்னதும் சரியில்ல. ரெண்டு மொழியும் ஒரு பழைய தாய்க்குப் பிறந்த அக்கா தங்கச்சிங்கன்னுதான் ஆய்வு சொல்லுது. நாம அக்காவா இருக்கறதோட நிறுத்திக்க மாட்டோம், அம்மான்னு கூப்பிடச் சொல்றோம். அந்த நண்பர் சொன்ன எண்டுவைக் கொச்சைன்னு சொன்னேனே, அதே திமிர்தான் இது. எட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த என் மொழியோட பழைய எலும்பை எனக்குக் காட்டினதே அவர் மொழிதான்.

நமக்குப் பெருமைக்கா பஞ்சம்? எங்க மாவட்டத்துலயே மயிலாடும்பாறை இருக்கு. தோண்டி எடுத்த மாதிரியை லேபுக்கு அனுப்பி, கார்பன் கணக்குப் போட்டு, அங்க இரும்புப் பயன்பாடு கி.மு. 2172 வரைக்கும் போகுதுன்னு 2022 மே மாசம் சட்டசபையில அறிவிச்சாங்க. மண்ணைத் தோண்டறவங்க தேதியைத் தொட்டு நிரூபிக்கறாங்க. சொல்லைத் தோண்டறவங்களுக்கு மட்டும் ஏன் ஒரு எஸ்ஸு போதும்?

அதனால அடுத்த தடவை அந்தப் பட்டியல் வந்தா மூணே மூணு கேளுங்க. அந்தச் சொல்லோட பழைய வடிவம் என்ன? அதோட அக்கா தங்கச்சி மொழிகள்ல எப்படி இருக்கு? யார் கொண்டு போனா, எந்த வழியா? மூணுக்கும் பதில் இருந்தா நானே பத்து பேருக்கு அனுப்பறேன்.

அந்த நோட்டை இன்னும் தூக்கிப் போடல. அண்ணன் பொண்ணு அதைக் கேட்டு வாங்கிக்கிட்டா. இப்ப காலேஜ் போறா. ஒவ்வொரு வரியாப் பார்த்து, பொய்யை சிவப்பு மையில அடிச்சுட்டு வர்றா. போன வாரம் எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுக்க சிவப்பு. நடுவுல கட்டுமரம் மட்டும் பச்சை மையில, கீழ ரெண்டு கோடு போட்டு.

டிஸ்கி: மாமா இந்தப் பதிவைப் படிக்க மாட்டார்ங்கிற தைரியத்துலதான் எழுதினேன். யாராவது போட்டுக் குடுத்தீங்கன்னா அடுத்த கல்யாணத்துல எனக்குப் பாயசம் கிடையாது. அவ்வ்வ்...